நூலும் நூலும்: நம் மாவட்டத்துக்காரர் கல்கி



மதியம் மூன்று மணிக்கு மேல் நம் கிளப் ரூம் பக்கம் போயிருக்கிறீர்களா? நாலைந்து பேர் குரோஷா ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். அதே அறையின் மூலையில் ஒரு இரும்பு அலமாரி. நீங்கள் படித்து முடித்துக் கொடுத்த நாவல்கள் அதில் இருக்கின்றன. விஞ்ஞானமும் மர்மமும் கலந்த கதைகளுக்குத்தான் கிராக்கி அதிகம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஒரு வீட்டில் திரும்பினால் உடனே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். நூல் பின்னுவதும் மர்ம நாவல் படிப்பதும் வெறும் பொழுதுபோக்கு. அதற்காக ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பது சரியா, அதைக் கூரியர் பார்சல்கள் வைக்கக் கொடுத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்றார். கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. மெயின்டனன்ஸ் கட்டுகிற யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். முடிவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது.

அதனால் இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதிக்கு, இந்த இரண்டோடும் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். தறிக்குப் போகிற நூலோடும் அச்சுக்குப் போகிற நூலோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே! நீங்கள் அவரை அறிவீர்கள். ஆனால் இந்தக் கோணத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

புத்தமங்கலத்துப் பையன்

கல்கி என்று நாம் அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1899 செப்டம்பர் 9 அன்று. ஊர், மணல்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள புத்தமங்கலம். இன்றைக்கு அது மயிலாடுதுறை மாவட்டம். அன்றைக்கு நம் தஞ்சாவூர் ஜில்லா. அப்பா ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த சிற்றூர்.

அந்தக் காலத்துக் கிராமத்தில் கதை என்பது கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதுதான். கோயிலில் காலட்சேபம், திருவிழாவில் தெருக்கூத்து, திண்ணையில் பாரதம் படிப்பது என்று கதை ஊருக்குப் பொதுவாக இருந்தது. ஒருவர் சொல்ல, ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கும். பிற்காலத்தில் கல்கி எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எதிரில் ஒரு திண்ணை நிறைய ஆள் இருப்பது தெரியும்.

உள்ளூரில் ஆரம்பப் படிப்பு, பிறகு மாயவரம், பிறகு திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளி. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில், 1921-இல், காந்தியின் ஒத்துழையாமை இயக்க அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டார். ஒரு கிராமத்துக் கணக்கர் வீட்டுப் பையன், சர்க்கார் உத்தியோகத்துக்கு நேர் வழியான பரீட்சையை உதறிவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். மறு ஆண்டே ஓராண்டுச் சிறை. சிறைக்குப் போனது அதோடு நிற்கவில்லை. 1930-இலும், 1940-41 தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போதும் போனார்.

நூலையே சந்தாவாகக் கட்டிய காலம்

அந்த ஆண்டுகளில் நூல் என்றால் என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1924-இல் பெல்காமில் காந்தி தலைமையில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவைப் பணத்துக்குப் பதில் நூலாக ஏற்பது என்று முடிவு செய்தது. மாதம் 2,000 கெஜம். மீட்டர் கணக்கில் 1,800-க்கும் மேல். தானே நூற்கலாம், முடியாதவர் வேறொருவர் நூற்றதை வாங்கித் தரலாம். நம் அசோசியேஷனில் மெயின்டனன்ஸ் தொகையை நூலாகக் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம்? அங்கேயும் எல்லோரும் தேறவில்லை. அடுத்த ஆண்டே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1925 செப்டம்பரில் அகில இந்திய சர்க்கா சங்கம் தனியாகத் தொடங்கப்பட்டது.

அதே 1925 பிப்ரவரியில், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த வறண்ட பூமி அது. வயல் வேலை இல்லாத மாதங்களில் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்கு ராட்டைதான் சோறு போட்டது. ஆசிரமத்தில் பஞ்சு கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நூற்று, சிட்டம் போட்டு, நடந்தே எடுத்து வருவார்கள். எடை பார்த்து, இழை சீராக இருக்கிறதா என்று பார்த்துக் கூலி கொடுப்பார்கள். அந்த நூல் நெசவாளர் கைக்குப் போய்க் கதர்த் துணியாகும்.

கிருஷ்ணமூர்த்தி அங்கே போவதற்கு முன் சென்னையில் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராக இருந்தார். 1923-இல் சேர்ந்து, 1928-இல் விலகினார். இடையில் 1924-இல் ருக்மிணி அம்மாளோடு திருமணம். 1927-இல் 'சாரதையின் தந்திரம்' என்ற முதல் கதைத் தொகுதி வந்தது. நவசக்தியை விட்டபின் திருச்செங்கோடு ஆசிரமத்துக்குப் போனார். ராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசன'த்தில் வேலை.

கொஞ்சம் யோசியுங்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவர், தண்ணீருக்கு ஏங்குகிற ஊரில் குடும்பத்தோடு போய் இருக்கிறார். சுற்றிலும் பஞ்சு, ராட்டைச் சத்தம், நூல் சுமந்து வரும் பெண்கள். நூற்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவசரப்பட்டால் இழை அறும், பயந்து மெதுவாக இழுத்தால் தடித்துப் போகும். அறுந்தால் அழுது பயனில்லை. முனையில் கொஞ்சம் பஞ்சை வைத்துத் திரித்து ஒட்டிவிட்டு மேலே போக வேண்டும். மதிய நேரத்தில் குரோஷா பின்னுகிற நம் அக்காமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சும்மா இருக்கும் நேரத்தில் செய்யும் ஒரு கைவேலை, அந்த ஊரில் ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைத்தது. கல்கி கடைசிவரை கதர்தான் உடுத்தினார். ஆசிரமத்துக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளின் பொழுதையெல்லாம் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வரை காத்திருங்கள்

1928-இல் 'ஆனந்த விகட'னுக்கு 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையை அனுப்பினார். கல்கி என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டது அப்போதுதான். எஸ்.எஸ். வாசன் அப்போதுதான் விகடனை வாங்கியிருந்தார். ஆசிரமத்தை விட்டு வந்தபின் கல்கி விகடனின் ஆசிரியராகவே ஆனார். தலையங்கம், நகைச்சுவை, கர்நாடகம் என்ற பெயரில் இசை விமர்சனம், இவற்றோடு தொடர்கதை.

'கள்வனின் காதலி'யை நீங்கள் படிக்காவிட்டால் முதலில் அதை எடுங்கள். 1937-இல் விகடனில் வந்தது. களம் நம் கொள்ளிடக்கரை. முத்தையன் என்ற இளைஞன் சூழ்நிலையால் திருடனாகிக் கொள்ளிடத்துப் படுகைக் காட்டில் ஒளிந்து திரிகிறான், போலீஸ் தேடுகிறது, ஒரு பெண் அவனுக்காகக் காத்திருக்கிறாள். நாணல் காடும் மணல்திட்டும் தெரிந்த நமக்கு அந்தத் துரத்தல் இன்னும் பக்கத்தில் நடப்பது போலிருக்கும்.

அடுத்து வந்த 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரி, சாவித்திரி, தேசசேவை எல்லாம் கலந்தது. 1938-39-இல் கதை வாராவாரம் வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே கதையின் சினிமாப் படங்களும் பத்திரிகையில் சேர்ந்து வந்தன. 1939-இல் திரைப்படம் வெளியான பிறகு பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது. பொழுதுபோக்குக்கு ஓர் அரசாங்கம் பயப்பட்டது என்பதை நம் பொதுக்குழு உறுப்பினர் கவனிக்க வேண்டும்.

1941-இல் சிறைக்குப் போனதோடு விகடன் வேலை முடிந்தது. வெளியே வந்து, நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான முதலுக்கு உதவியது 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்துச் சம்பாதித்த பணம். பிறகு 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை' என்று வரிசையாக வந்தன. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டியதும் இந்தக் காலத்தில்தான். 1947-இல் அது திறக்கப்பட்டது.

ஒரு கல்வெட்டு, ஒரு கொலை

1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. இதைச் சரித்திர நாவல் என்று சொல்லி அலமாரியில் தனியாக வைத்துவிட்டோம். உண்மையில் இது ஒரு கொலை வழக்கு. நீங்கள் விரும்பிப் படிக்கும் விஞ்ஞானத் துப்பறியும் கதைகளுக்கு இது நெருங்கிய உறவு. ஆய்வுக்கூடத்தின் இடத்தில் கல்வெட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் பற்றியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்துகளைப் பறிப்பது பற்றிய ஆணை. ஏன் கொன்றார்கள், பின்னால் யாராவது இருந்தார்களா என்பது அதில் இல்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் உத்தம சோழன் பல ஆண்டுகள் ஆண்டு முடித்திருக்கிறான். அவ்வளவு காலம் வழக்கு ஏன் கிடப்பில் கிடந்தது? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். திருப்புறம்பியத்துக்காரரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் கல்கி தன் கதையை இழைத்தார். ரவிதாசன் அதே பெயரில் நாவலில் நடமாடுகிறான். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்த ஏரியின் 74 கணவாய்களை எண்ணுகிறான். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, திருவையாறு, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, நாகப்பட்டினம் என்று கதை போகிறது. சதிகாரர்கள் கூடுவது திருப்புறம்பியம் பள்ளிப்படையில். கொள்ளிடம், குடமுருட்டி, அரிசிலாறு என்று நாம் பஸ் ஜன்னலில் பார்க்கும் ஆறெல்லாம் அதில் ஓடுகின்றன. இலங்கைப் பகுதிகளுக்காக ஓவியர் மணியத்தோடு அங்கேயே போய்ப் பார்த்து வந்தார்.

ஐந்து பாகம், மூன்றரை ஆண்டு, 1954 மே மாதம் வரை. இப்போது நாம் ஒரே இரவில் பத்து அத்தியாயம் ஓட்டிவிடுகிறோம். அன்றைய வாசகருக்கு வாரத்துக்குக் கொஞ்சம்தான். பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை. எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி படித்துக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று கிணற்றடியில் வாதம். முடிந்த பிறகு அந்தப் பக்கங்களைக் கத்தரித்து அடுக்கி, தைத்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். மணியத்தின் படங்களோடு, பழுப்பேறிய அந்த பைண்டு தொகுதி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அப்படித் தைத்த நூல் இன்னும் விடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் கொலைகாரன் இன்னார் என்று கல்கி அறுதியாகச் சொல்லவில்லை. கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் அவரும் கைவைக்காமல் விட்டார். வாசகர்கள் விடுவார்களா? பாத்திரங்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேள்வி மேல் கேள்வி. முடிவுரை ஒன்று எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார்.

குறை சொன்னவர்களும் நம்மவர்களே

அவரை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது பொய். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' பத்திரிகையைச் சுற்றி இருந்த எழுத்தாளர்களுக்கு அவர் மேல் மதிப்புக் குறைவு. அந்த வட்டத்தில் கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி போன்ற கும்பகோணத்துக்காரர்களும் இருந்தார்கள். இலக்கியம் மனசை உலுக்க வேண்டும், வாரப் பத்திரிகைக் கதை பொழுதைப் போக்குகிறது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். புதுமைப்பித்தன் தழுவல் கதைகளை வைத்துக் கல்கியோடு நேராகவே மோதினார். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கல்கியின் கதைகளில் தற்செயல்கள் அதிகம்; கதாநாயகிகள் அநியாயத்துக்கு அழகு.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. புதிதாகப் படிக்கக் கற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் தேட வேண்டும். அந்த ஆசையை உண்டாக்கியது தொடர்கதை. கல்கி பொழுதுபோக்கைச் சிறிய வேலையாக நினைக்கவில்லை. ஒரு வாரத்துப் பகுதிக்காகக் கல்வெட்டு படித்தார், ஊர் ஊராகப் போனார். ஜனங்கள் ஓய்வு நேரத்தில் படிப்பது என்பதால் அரைகுறையாகக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. திருச்செங்கோட்டுப் பெண் கொண்டுவந்த நூலையும் இழை இழையாகப் பார்த்துத்தானே வாங்கினார்கள்.

பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம் ஆவதற்குள், 1954 டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். வயது 55. எழுதத் தொடங்கியிருந்த 'அமர தாரா'வைப் பாதியில் விட்டுப் போனார். இழை அறுந்த இடத்திலிருந்து மகள் ஆனந்தி எடுத்து எழுதி முடித்தார். 'அலை ஓசை'க்கு 1956-இல் சாகித்ய அகாதெமி விருது வந்தபோது வாங்க அவர் இல்லை. நூற்றாண்டில் அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் இன்று பொன்னியின் செல்வன் பல பதிப்பகங்களிலிருந்து பல விலையில் கிடைக்கிறது. மணிரத்னம் எடுத்த படங்களை 2022-இலும் 2023-இலும் நீங்களே குடும்பத்தோடு போய்ப் பார்த்திருப்பீர்கள்.

மறுபடி நம் அறைக்கு

நம் அலமாரியில் அதிகம் சுற்றும் சுஜாதா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அவரும் காவிரிக்காரர்தான். 'என் இனிய இயந்திரா'வை அவர் தொடராக எழுதியது, கல்கி ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்த அதே ஆனந்த விகடனில். ஜீனோ என்ற ரோபோ நாய்க்காக வாசகர்கள் அடுத்த வாரத்தை எதிர்பார்த்தார்கள் என்றால், அப்படிக் காத்திருக்கும் பழக்கத்தை நம் வீடுகளில் வளர்த்தவர்களில் புத்தமங்கலத்துக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி பொதுக்குழு. பார்சல் வைக்க இடம் வேண்டும் என்பது உண்மையான தேவை. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு ஒரு அடுக்குப் பலகை போட்டால் அது தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளப் ரூமை விட்டுவிடலாம். அங்கே பின்னுகிறவர்களில் இருவர் தனியாக இருப்பவர்கள். மதியம் மூன்று மணிக்காக அவர்கள் காலையிலிருந்தே காத்திருக்கிறார்கள். இது மட்டும் போதாதா, அந்தக் கதவு திறந்திருக்க?

நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள். வருவதற்கு முன் ஒரு நாள் மதியம் அந்த அறைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். குரோஷா தெரியாது என்றால் கவலை இல்லை, சொல்லித்தர ஆள் இருக்கிறது. அலமாரியின் இரண்டாவது தட்டில் பொன்னியின் செல்வன் முதல் பாகம் இருக்கிறது. இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. எடுத்தவர் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று வீடுகள் வரிசையில் நிற்கின்றன.